இரும்பு படக்கூடாதவள்

என் ஹோதன் அக்காவுக்கு, கத்திக்கும் தம்பிக்கும் நடுவே போய் நின்றவளுக்கு,

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. புடவைக் கடையில் நின்ற வருடங்களில் கேட்டுக் கேட்டுக் கதைக்கப் பழகினாய். எழுத்தைக் காட்டினால் மட்டும், "இது என்ன, முறுக்கோ?" என்று சிரிப்பாய். அப்படியிருந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். உன்னோடு நான் கதைத்தது தமிழில்தானே. அதோடு, பாரிசில் எங்கடை ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் உன்னைப் பற்றி இப்போது கதைக்கிறவர்களும் இதைக் கேட்கட்டும்.

என்ன கதைக்கிறார்கள் என்று கேட்பாய். போன சனிக்கிழமை மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இரண்டு பெண்கள்.

"வாற திங்கள் அந்தச் சோமாலிப் பெட்டையின்ரை வழக்காம்."

"ஆர், புடவைக் கடையிலை நிண்டதோ? நல்ல பிள்ளையப்பா. எங்கடை பிள்ளையளை விட வடிவாத் தமிழ் கதைக்கும்."

"நல்ல பிள்ளைதான். ஆனா அது அதுகளின்ரை கோத்திரச் சண்டை. எங்களுக்கேன்?"

சொல்லிவிட்டு, வழக்கைப் பற்றித் தொடங்கியவர் காசாளரிடம் போனார். கடைக்குப் புதிதாக வந்த பெண். "பிள்ளை ஊரிலை எவடம்?" என்று கேட்டார். அவள் மானிப்பாய் என்றாள். "மானிப்பாயிலை எவடம்?" என்றார். அவள் அதையும் சொன்னாள். "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று அடுத்ததாகக் கேட்டபோது அந்தப் பெண் குனிந்து மிச்சக் காசை எண்ணத் தொடங்கிவிட்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. சாதியைப் பிடிக்கிற இந்தக் கேள்விகளைப் புடவைக் கடையில் கேட்கும்போதெல்லாம் என் காதுக்குள் சொல்வாய்: "நீங்க இடத்தைக் கேட்டு ஆளைப் பிடிக்கிறியள். நாங்க ஆளைக் கேட்டு இடத்தைப் பிடிக்கிறம். களவு ஒண்டுதான்."

அந்தப் புடவைக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை செய்துகொண்டுதான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று வருகிற அன்ரிமாருக்கெல்லாம் நீதான் விளம்பரம் செய்தாய். நான் புடவை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "இவ்வளவு படிச்சு வாய் எங்கை வச்சாய்?" என்று கேட்பாய்.

புடவை மடிக்கும்போதுதான் உங்கள் எண்ணிக்கையைச் சொல்லித் தந்தாய். பேச்சு வந்த உடனேயே ஒரு சோமாலியப் பிள்ளைக்குத் தன் பெயர், தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர் என்று மேலே மேலே சொல்லப் பழக்குவார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் இருவரும் அந்த வரிசையைச் சொல்வார்கள். எந்தப் பெயரில் இரண்டும் ஒன்றாகிறதோ அங்கே உறவு. கிட்டவாக ஒன்றானால் படுக்க இடமும் தேநீரும் கிடைக்கும். மேலே போகப் போக அந்நியம். பெரிய குலங்கள், அவற்றுக்குள் கிளைகள், கிளைகளுக்குள் கிளைகள் என்று பிரிந்து, கடைசியில் ஒருவன் செய்ததற்கு எல்லாரும் பொறுப்பேற்கிற சிறிய கூட்டம் வரும். அதில் ஒருவன் கொலை செய்தால் கூட்டமே சேர்ந்து இரத்தப் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் கூட்டத்தில் எந்த ஆணின் உயிரும் அதற்கு ஈடாகலாம்.

"பொம்பிளையளின்ரை பேர் எங்கை?" என்று கேட்டேன். "வரிசையிலை இல்லை. குறுக்காலை நிக்கிற வேலைதான் எங்களுக்கு" என்றாய்.

உன் அம்மாவைப் பற்றி அன்றுதான் சொன்னாய். இரண்டு கிளைகளுக்கிடையே ஒரு பழைய கொலையை முடித்துவைக்க, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட பெண் அவர். நீயும் உன் தம்பி லிபானும் பிறந்தீர்கள். சமாதானத்துக்குப் பிறந்த பிள்ளைகள். அம்மா எந்தக் கிளையிலிருந்து வந்தாரோ அந்தக் கிளை உங்கள் வரிசையில் வராது. ஆனால் அந்தக் கிளையின் ஆண்களெல்லாம் உங்களுக்கு மாமன்மார்.

உங்கள் கிளையின் பெயரை இதில் எழுதமாட்டேன். மற்றதன் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் யாரோ ஒருவர் ஒரு பக்கம் போய் நின்றுவிடுவார்.

அக்கா, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீதிமன்றத்தில் சொல்லவேண்டும். அதற்கு முன் உனக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் நீதான் திருத்தவேண்டும், எப்படித் திருத்துவாய்?

லா சப்பலுக்கும் ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துக்கும் இடையில், மேலே ரயில் ஓடுகிற பாலத்தின் கீழே புதிதாக வந்த அகதிகளின் கூடாரங்கள் இருந்தன. நீ சமைத்த இறைச்சிச் சோற்றுப் பானையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். லிபான் முன்னமே அங்கே இருந்தான். இரண்டு வயதில் உன் இடுப்பில் பிரான்சுக்கு வந்தவன், சோமாலியாவின் ஒரு மரத்தைக்கூட ஞாபகமில்லாதவன். ஆனால் வரிசை அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் முன்னால் அதைச் சொல்லிக் காட்டுவதில் அவனுக்குப் பெருமை.

அன்று அவனுக்கு எதிரே தோடம்பழம் வெட்டிக்கொண்டு இருந்தவன் யூசுப். வந்து சில நாள்தான். முதலில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் வரிசையைச் சொன்னார்கள். சுற்றியிருந்தவர்கள் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல ஒவ்வொரு பெயருக்கும் தொடையில் தட்டினார்கள். லிபான் ஒரு பெயரைச் சொன்னான். தட்டிய கைகள் நின்றுவிட்டன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ பானையை விட்டுவிட்டாய். அது என் காலில் விழுந்து சோறு கொட்டியது.

யூசுப் உன் அம்மாவின் கிளை என்பதும், ஒரு கிணற்றுக்காகச் சோமாலியாவில் இரண்டு கிளைகளுக்கும் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்ததும், லிபானின் கிளை யூசுபின் அண்ணனைச் சுட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். லிபான் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை.

யூசுப் எழுந்தான். தோடம்பழக் கத்தி கையிலேயே இருந்தது. நீ ஓடிப்போய் லிபானை முதுகால் தள்ளி, இரண்டு கைகளையும் விரித்து, "அப்தி! அப்தி!" என்று கத்தினாய். மாமா, மாமா. உன்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவனை மாமா என்று கூப்பிட்டாய்.

உன் முகத்தில் பயம் இருக்கவில்லை. அதுதான் என்னால் மறக்க முடியாதது. பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், விருந்தினர் மீது இரும்பு படக்கூடாது என்பது உங்கள் வழக்கம் என்று சொல்லியிருக்கிறாய். பெண் நடுவே வந்தால் கத்தி நின்றுவிடும் என்று நம்பி நின்றாய். நிற்கவில்லை, அக்கா. கழுத்துக்குக் கீழே ஒருமுறை. நீ நம்பாமல் அவனைப் பார்த்தாய். அவனும் உன்னை நம்பாமல் பார்த்தான். பிறகு விலா எலும்பில் ஒருமுறை. அது லிபானுக்கென்று ஓங்கியது.

உன்னைச் சோற்றின் மேல்தான் கிடத்தினேன். வேறு இடம் இருக்கவில்லை. இரத்தம் சோற்றுக்குள் இறங்கியது. வாயில் இரத்தம் கொப்பளித்தது, நீ ஏதோ சொல்லப் பார்த்தாய். ஆண்களெல்லாம் இரண்டு பக்கமாகப் பிரிந்து கல்லும் கம்பியுமாக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தன் சட்டையைக் கழற்றி உன் காயத்தில் அழுத்தியவன் ஒருவன் மட்டும்தான். அவன் தோல் வேலை செய்கிற ஆட்களைச் சேர்ந்தவனாம். அவனோடு யாரும் சம்பந்தம் செய்யமாட்டார்கள், அவனிடம் யாரும் வரிசை கேட்பதுமில்லை. அதனால் அவனுக்கு எந்தப் பக்கமும் போகவேண்டியிருக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தபோது உன் கை சூடாகத்தான் இருந்தது.

யூசுபை அங்கேயே பிடித்தார்கள். கொமிசாரியாவில் பொலிசிடம் நான் கண்டதைச் சொன்னேன். அடுத்த கிழமையே கூடாரங்களைப் பிடுங்கிவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் எங்கெங்கோ போனார்கள், சட்டையைக் கழற்றியவனும் போய்விட்டான். உன் தம்பியைத் தவிர, கண்ணால் கண்டு சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

உன் அடக்கத்துக்குக் குலேத் வந்திருந்தான். யூசுபின் சித்தப்பா மகன், என் அப்பா சமைக்கிற உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவன். எத்தனையோ முறை உனக்குப் பின்கதவால் சாப்பாடு கட்டித் தந்தவன். மயானத்து வாசலுக்கு உள்ளே வரவில்லை. மழையில் தெருவில் நின்றான். லிபான் அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

போன மாதம் உங்கள் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டாலின்கிராட்டில் ஒரு தேநீர்க் கடை. மருதாணி போட்ட சிவப்புத் தாடிக்காரர் உன் பக்கம். கோட்டுப் போட்டவர் யூசுபின் பக்கம். இருவரும் ஒரே தட்டில் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். பிரெஞ்சில் கதைத்தோம்.

"முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் போதும், மகளே" என்றார் தாடிக்காரர். "நாங்கள் பேசி முடித்துவிட்டோம். இரத்தப் பணம் தருகிறார்கள்."

"பெண் என்றபடியால் ஆணுக்கு உரியதில் பாதி" என்று கோட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார்.

"ஆனால் யூசுப் சிறைக்குப் போனால் தரமாட்டார்கள். ஒரு குற்றத்துக்கு இரண்டு முறை எதற்குக் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். தராவிட்டால் எங்கள் பையன்களை என்னால் பிடித்துவைக்க முடியாது. குலேத்தைத் தெரியும்தானே உனக்கு?"

"அவள் அவனை மாமா என்று கூப்பிட்டாள்" என்றேன். அது மட்டும்தான் வாயில் வந்தது.

கோட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "தாய்வழி உறவு அன்புக்கு. கணக்குக்கு இல்லை."

"இவள் அதிகம் பேசமாட்டாள் என்று சொன்னார்கள்" என்றார் தாடிக்காரர்.

"நல்ல பழக்கம். நீதிமன்றத்திலும் அப்படியே இருக்கட்டும்" என்று மற்றவர் சிரித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டால் குலேத் பிழைப்பான். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே, அக்கா. இவ்வளவு சுலபமாக ஒரு உயிரைக் காப்பாற்றலாமா என்று வீடு இருக்கிற செவ்ரான் வரைக்கும் ரயிலில் யோசித்துக்கொண்டு போனேன். வீட்டில் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"பொறு. தாயின்ரை ஆக்கள் எண்டா, அந்தக் குத்தினவன் மாமன் முறையோ?"

"ஓமம்மா."

"தாய்மாமன்ரை மடியிலை இருத்தியெல்லோ எங்களுக்குக் காது குத்தினது! மாமன் எண்டு கூப்பிட்ட வாயிலை ரத்தம் வரப் பண்ணினவனுக்கு நீ என்ன, முகம் தெரியேல்லை எண்டு சொல்லப் போறியோ?"

"சொன்னா குலேத்தை வெட்டுவாங்கள் அம்மா."

அம்மாவின் கத்தி நின்றது. குலேத்தின் கையால் தேநீர் வாங்கிக் குடித்தவதான் அம்மாவும். "அப்ப அவனையே கேள்" என்றா. "அவன்ரை உயிர்தானே."

கேட்கப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சமையல் தொடங்காத நேரம். குலேத் உணவகத்தின் பின்முற்றத்தில் பெரிய பிரியாணிச் சட்டிக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ பேசாவிட்டால் இந்த முறை தப்புவேன்" என்றான் குலேத். "அடுத்த முறை அங்கே யாரோ யாரையோ சுடுவான். அப்போது என் தம்பி எண்ணிக்கையில் வருவான். எத்தனை பேருக்காக நீ பேசாமல் இருப்பாய்?"

அதற்குள் லிபான் உள்ளே வந்துவிட்டான். பெண் என்று உன்னைப் பாதியாகக் கணக்குப் போட்டது அவனுக்குத் தெரிந்திருந்தது. மீதிப் பாதியை எடுக்க வந்திருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னான். கையில் கத்தி.

"எண்ணு" என்றான் குலேத்திடம். "உன் பாட்டன் வரை எண்ணு. அவனும் யூசுபின் பாட்டனும் ஒருவன்தான் என்று உன் வாயால் சொல்."

குலேத் சட்டியை விட்டு எழுந்தான். கை முழுக்க நுரை. "சொல்லமாட்டேன். குத்துவதென்றால் என்னைக் குத்து. என் பாட்டனுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி."

சத்தியமாக அப்படித்தான் சொன்னான். அந்த நேரத்தில். லிபான் பாய்ந்தான். குலேத் கத்தியை வெறும் கையால் பிடித்தான். லிபான் இழுத்தான். விரல்களுக்குள்ளால் இரும்பு போகிற சத்தம் கேட்டது, எலும்பில் அது ஒருதரம் தடக்கியது. நுரை சிவப்பாகிச் சீமெந்தில் சொட்டியது. இரண்டாவது குத்துத் தோளில் இறங்கியது. நான் கத்தினேன், அக்கா. இவ்வளவு காலமும் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் கத்தினேன்.

அப்பா தட்டகப்பையோடு வந்தார். பத்துப் பேருக்குச் சோறு கிளறுகிற இரும்பு அகப்பை. லிபானின் மணிக்கட்டில் ஒரே அடி. ஏதோ முறிந்தது. கத்தி விழுந்தது. அப்பா அவனை வெங்காய மூட்டையில் தள்ளி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தார்.

"அவள் செத்தது நீ உயிரோடை இருக்கோணுமெண்டடா! நீ கொலைகாரனாகிறதுக்கோ? எங்களையும் ஊரிலை கேட்டுக் கேட்டுத்தான் வெட்டினவங்கள்! எவடம், ஆரின்ரை ஆள், எந்தப் பக்கம் எண்டு!"

அப்பா ஊரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அவரை யார், எதற்காக வெட்டினார்கள்? அவர் தோளில் இருக்கிற தழும்பு குண்டுச் சிதறல் பட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். லிபானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அழுதான்.

நீ அங்கே இருந்திருந்தால் யாரை முதலில் தூக்கியிருப்பாய்?

ஆஸ்பத்திரியில் குலேத் தன் கையை இறைச்சி வெட்டும் மெஷின் பிடித்துவிட்டது என்று சொன்னான். தோளைக் காட்டி டொக்டர் கேட்டபோது, "அது பெரிய மெஷின்" என்றானாம். இரண்டு விரல்கள் இனி மடங்காது. காயத்துக்கும் உங்கள் வழக்கத்தில் விலை உண்டு. அதைக் கேட்கப்போவதில்லை என்று தாடிக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். தாடிக்காரருக்குக் கோபம். கேட்காவிட்டால் எப்படிக் கணக்கை முடிப்பது என்கிறாராம்.

நேற்று லிபான் செவ்ரானுக்கு வந்தான். முறிந்த கையில் மாக்கட்டு. உள்ளே வா என்றேன், வரவில்லை. வாசலில் நின்றே கேட்டான்.

"திங்கட்கிழமை என்ன சொல்லப் போகிறாய்?"

"கண்டதை."

"என்னைப் பற்றி?"

"கேட்டால் அதையும்."

"நீ ஹோதனுடைய ஆள் என்று நினைத்தேன்" என்றான். கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனான். அவன் திரும்பி வருவானா, வந்தால் எதற்கு வருவான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சாப்பிட்டானா என்றுகூட நான் கேட்கவில்லை.

அக்கா, உனக்கு என் வாக்கு இது. திங்கட்கிழமை எழுந்து நிற்பேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். உன்னைக் குத்தியவனின் பெயர் யூசுப் என்று சொல்வேன். அவன் எந்தக் குலம், எந்தக் கிளை, யாருடைய பேரன் என்று வழக்கறிஞர்கள் கேட்பார்கள். அவனுடைய தகப்பனோ பாட்டனோ அன்று பாலத்தின் கீழே இருக்கவில்லை, நான் கண்டது அவனை மட்டும்தான் என்று சொல்வேன். குலேத்தை யார் வெட்டியது என்று கேட்டால் லிபான் என்பேன். அதற்காக நீ என்னை வெறுத்தாலும் சொல்வேன். ஒருவன் செய்தது அவனோடு நிற்கட்டும். குலேத்தின் தம்பி வீதியால் நடந்து போகட்டும்.

நீ கைகளை விரித்து நின்றாய், இரும்பு நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. எனக்கு இருப்பது வாய் மட்டும். அதைத் திறந்து வைத்திருப்பேன்.

உன் வரிசையில் எந்தப் பக்கத்தாலும் வராத தங்கச்சி,
தர்சினி